பேச்சு ஆங்கிலமும் இலக்கண ஆய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆங்கில இலக்கணங்கள் நெடுங்காலம் எழுத்து வழக்கையே அடிப்படையாகக் கொண்டிருந்தன. அன்றாட உரையாடலில் வரும் தயக்க ஒலிகள், சொல் மீட்சி, முற்றுப்பெறாத தொடர்கள், 'வெல்', 'யூ நோ' போன்ற சொற்கள் ஆகியன இலக்கணத்திற்குப் புறம்பானவை என ஒதுக்கப்பட்டன. இவை பிழைகள் அல்ல, பேச்சின் அமைப்புக் கூறுகள் என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. அதில் கோட்பாட்டைப் போலவே ஒலிப்பதிவுக் கருவிக்கும் பங்குண்டு.

1924இல் ஹெரால்டு பாமர் பேச்சு ஆங்கிலத்திற்கெனத் தனி இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். ஆங்கில எடுத்துக்காட்டுகளை ஒலிக்குறியீட்டில் தந்தது அதன் சிறப்பாகும். அமெரிக்க மொழியியலறிஞர் சார்லஸ் ஃபிரைஸ் 1952இல் வெளியிட்ட நூலில், பதிவு செய்யப்பட்ட தொலைபேசி உரையாடல்களைத் தரவாகக் கொண்டார். அத்தரவு ஏறத்தாழ 2,50,000 சொற்களைக் கொண்டது. ஒருவர் பேசத் தொடங்கியது முதல் மற்றவர் தொடங்கும் வரை அமையும் கூற்றை அலகாகக் கொண்டு, அதிலிருந்தே வாக்கியத்தின் வரையறையை அவர் தேடினார்.

1965இல் சாம்ஸ்கி, இலட்சியப் பேசுநரின் மொழியறிவே ஆய்வுக்குரியது என்றும், இடறல்களும் தவறான தொடக்கங்களும் மொழிப்பயன்பாட்டின்பாற்பட்டவை என்றும் வகுத்தார். இதனால் கோட்பாட்டு ஆய்வில் பேச்சுத் தரவு பின்னுக்குத் தள்ளப்பட்டது. எனினும், ராண்டால்ஃப் குவர்க் 1959இல் தொடங்கிய ஆங்கில வழக்கு அளவாய்வு இலண்டனில் தொடர்ந்து நடைபெற்றது. தலா 5,000 சொற்கள் கொண்ட 200 பகுதிகளுள் சரிபாதி பேச்சுக்கு ஒதுக்கப்பட்டது. பின்னர் யான் ஸ்வார்ட்விக் தலைமையில் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் பேச்சுப் பகுதிகளைக் கணினியில் ஏற்றியது. அவற்றுள் 34 உரையாடல்கள் 1980இல் நூலாக வெளிவந்தன. குரலின் ஏற்ற இறக்கமும் இடைநிறுத்தமும் அவற்றில் குறிக்கப்பட்டிருந்தன.

இதற்கிடையே சமூகவியலிலிருந்து மற்றொரு நெறி தோன்றியது. ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் ஆகிய மூவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரை, உரையாடலில் பேசும் முறை எவ்வாறு ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்கிறது என்பதை விளக்கியது. பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒருவரே பேசுகின்றனர். ஒருவர் முடிக்கும் இடத்தை மற்றவர் முன்கூட்டியே உணர்கின்றனர். ஆகவே சிறு மௌனமும் பொருளுடையதாகிறது.

1994இல் நிறைவுற்ற பிரித்தானியத் தேசியத் தரவகத்தின் 10 கோடிச் சொற்களுள் ஏறத்தாழ ஒரு கோடி பேச்சு வழக்கைச் சார்ந்தவை. 1999இல் டக்ளஸ் பைபர் முதலியோர் வெளியிட்ட லாங்மன் இலக்கணம், உரையாடலைப் புனைகதை, செய்தி, கல்விசார் உரைநடை ஆகியவற்றுக்கு இணையான வழக்காக வைத்து ஆராய்ந்தது. பேசுவோர் சூழலைப் பகிர்ந்துகொள்வதும், எண்ணும்போதே பேச வேண்டியிருப்பதும் உரையாடல் இலக்கணத்தின் இயல்புக்குக் காரணங்கள் என அது காட்டியது.

இவ்வரலாறு மொழிபெயர்ப்பாளருக்கு நேரடியாகப் பயன்படுவது. அழைப்பு ஒன்றுக்கு மறுமொழியாகச் சிறு இடைநிறுத்தத்துடன் 'வெல்' என ஒருவர் தொடங்கினால், பின்வருவது பெரும்பாலும் மறுப்பு அல்லது தயக்கமே. அதனை அகராதிப் பொருள் கொண்டு 'நல்லது' எனப் பெயர்த்தால் மறுப்பு இசைவாகிவிடும். 'அது வந்து...' என்னும் தமிழ்த் தொடக்கம் அவ்விடத்திற்கு ஏற்றது. அதே சொல் புதிய பேச்சைத் தொடங்க வருமாயின் 'சரி' பொருந்தும். சொல்லின் பொருளை அகராதியில் தேடுவதற்கு முன், உரையாடலில் அது நிற்கும் இடத்தை நோக்குதல் வேண்டும்.