பிளக்பெரியா, நொக்கியாவா? கந்தோர்க் கடிதம் கைக்கு வந்த கதை



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

இன்று போன் வாங்கப் போனால் நாம் கேட்பது கெமரா எப்படி, பெற்றரி எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்பதைத்தான். இருபது வருடங்களுக்கு முன் உலகத்தின் பெரிய கந்தோர்கள் கேட்ட கேள்வி வேறு. ஊழியர் எங்கே இருந்தாலும் கந்தோர் மின்னஞ்சலை அவர் கைக்கு ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எந்தப் போன்? பிளக்பெரியா, நொக்கியாவா, பாம் ட்ரியோவா, விண்டோஸ் மொபைலா? இதற்காகக் கூட்டம் கூடினார்கள், கோடிக்கணக்கில் செலவழித்தார்கள்.

அந்தப் போன்கள் எல்லாம் இப்போது லாச்சிக்குள் கிடக்கின்றன. ஆனால் அந்தத் தேர்வின் கதையில் சொறிக்கல்முனை, சம்மாந்துறை, கல்முனைப் பக்கத்துப் பாடசாலைகளும் பள்ளிவாசல் நிருவாகங்களும் விளையாட்டுக் கழகங்களும் இன்றைக்குத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

*

1996இல் நொக்கியா 9000 கொமியூனிகேட்டர் வந்தது. புத்தகம் மாதிரி விரிக்கலாம், உள்ளே முழு விசைப்பலகை. எடை 397 கிராம். அதில் மின்னஞ்சல் பார்க்கலாம். ஆனால் கடிதம் வந்திருக்கிறதா என்று நாம்தான் இணைப்பெடுத்துப் போய்ப் பார்க்க வேண்டும்.

வயல் செய்கிறவர்களுக்கு இது நன்றாக விளங்கும். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று மணிக்கொரு தடவை வரம்பில் நடந்து போய்ப் பார்ப்பது ஒரு வகை. தண்ணீர் திறந்த உடனே வட்டவிதானை ஆளனுப்பிச் சொல்வது இன்னொரு வகை. ஆரம்பகாலப் போன்கள் முதல் வகை. பிளக்பெரி இரண்டாவது வகை.

கனடாவில் 1984இல் தொடங்கப்பட்ட ரிசர்ச் இன் மோஷன் என்ற கொம்பனி, 1999இல் பிளக்பெரி 850 என்ற சிறிய கருவியை வெளியிட்டது. அதில் பேச முடியாது. ஒரு பென்டோர்ச் பெற்றரியில் ஓடும். கந்தோருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தால் கேட்காமலே அது இடுப்புப் பட்டியில் வந்து துடிக்கும். அவ்வளவுதான் அதன் வித்தை. 2001 செப்டெம்பர் 11 அன்று அமெரிக்காவில் தொலைபேசி வலையமைப்புகள் நெரிசலில் திணறியபோது இந்தச் சிறிய கருவிகளில் செய்தி போய்வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அதன் மதிப்பு ஏறிவிட்டது. 2002இல் பேசும் வசதியும் சேர்ந்தது.

மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. 2003இல் ட்ரியோ 600 வந்தது. நொக்கியா 2005இல் பிளக்பெரியைப் போலவே அகன்ற விசைப்பலகையோடு ஈ61ஐ அறிவித்தது, 2008இல் மெலிந்த உலோக உடம்போடு ஈ71ஐ விட்டது. மைக்ரோசொப்ட், தனது எக்ஸ்சேஞ்ச் சேர்வரிலிருந்து விண்டோஸ் மொபைல் போனுக்குக் கடிதத்தை நேரடியாக அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. 2006 தொடக்கத்தில் ட்ரியோகூட விண்டோஸ் போட்டுக்கொண்டு வந்தது.

கந்தோர்களின் குழப்பம் இங்கேதான். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரியான போன். ஆனால் கடிதம் வரும் பாதை வேறு.

பிளக்பெரியைத் தெரிந்தெடுத்த கந்தோர் தன் சேர்வருக்குப் பக்கத்தில் பிளக்பெரியின் மென்பொருளையும் நிறுவ வேண்டும். கடிதம் அங்கே பூட்டப்பட்டு, பிளக்பெரி கொம்பனியின் சொந்த மையங்கள் வழியாகப் போய், ஊழியரின் கையில் திறக்கும். பூட்டின் சாவி கந்தோரிடம். கொம்பனி தன்னிடம் சாவி இல்லை என்று சொன்னது. விண்டோஸ் போனில் இடையில் அப்படியொரு மையம் இல்லை. கந்தோர் சேர்வரும் போனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். முதலாவது பாதுகாப்பு, ஆனால் எல்லோருடைய தண்ணீரும் ஒரே மதகு வழியாக வருகிறது. இரண்டாவதில் பொது மதகு இல்லை, ஆனால் வாய்க்காலை நீங்களே பராமரிக்க வேண்டும்.

2007 ஜனவரியில் ஐபோன் அறிவிக்கப்பட்டபோது மைக்ரோசொப்டின் தலைவர் ஸ்டீவ் போல்மர் சிரித்தார். விசைப்பலகை இல்லை, இது மின்னஞ்சலுக்கு அவ்வளவு உதவாது என்பது அவரது கணிப்பு. அந்த நேரத்தில் அதில் நியாயமும் இருந்தது. முதல் ஐபோன் கந்தோர் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சலை உடனுக்குடன் வாங்கவில்லை. அடுத்த வருடம், 2008 ஜூலையில், அப்பிள் அதே மைக்ரோசொப்டின் முறைக்கு அனுமதி வாங்கித் தன் போனுக்குள் வைத்தது. கருவிகள் சண்டை பிடித்தன, பாதை பொதுவாகியது. அதன் பிறகு எந்தப் போன் என்ற கேள்வி கந்தோர்களுக்கு மெல்ல மெல்லச் சிறிதாகியது.

*

இந்தக் கதை நம் ஊர்களைத் தொட்டது வளைகுடா வழியாக.

கட்டாரிலும் சவூதியிலும் டுபாயிலும் கணக்காளராக, குவான்டிட்டி சேர்வேயராக, ஸ்டோர் கீப்பராக வேலை பார்த்த நம் தம்பிமாரின் கைகளில்தான் இப்படியான போன்களை நம்மில் பலர் முதலில் கண்டோம். விசைகளில் ஆங்கில எழுத்து ஒரு பக்கம், அரபு எழுத்து மறுபக்கம்.

அவர்கள் இருந்த நாடுகளிலேயே பிளக்பெரிக்குச் சோதனையும் வந்தது. 2009 ஜூலையில் ஐக்கிய அரபு இராச்சியத்தின் எடிசலாட் தன் பிளக்பெரி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மென்பொருள் மேம்படுத்தலை அனுப்பியது. அது சேவையை மேம்படுத்த என்றது எடிசலாட். அது வேவு பார்க்கும் மென்பொருள் என்று பிளக்பெரிக் கொம்பனியே பகிரங்கமாகச் சொன்னது. 2010 ஓகஸ்ட் முதலாம் திகதி அந்நாட்டு அரசு, ஒக்டோபர் 11 முதல் பிளக்பெரியின் மின்னஞ்சலையும் மெசெஞ்சரையும் நிறுத்தப் போவதாக அறிவித்தது. சுமார் ஐந்து இலட்சம் பாவனையாளர்கள் பயந்துபோனார்கள். சவூதியும் மெசெஞ்சரை நிறுத்த உத்தரவிட்டது. இந்தியாவும் காலக்கெடு விதித்தது. கடிதம் நாட்டுக்கு வெளியே உள்ள மையங்கள் வழியாகப் பூட்டிய நிலையில் போகிறது, எங்களால் பார்க்க முடியவில்லை என்பதே அரசுகளின் மனக்குறை. கந்தோர்கள் எந்தக் குணத்துக்காக அதை வாங்கினவோ அந்தக் குணத்துக்காகவே அரசுகள் அதை மறித்தன. கடைசியில் பேசித் தீர்த்துக்கொண்டார்கள், ஐக்கிய அரபு இராச்சியத்தின் தடை அமுலுக்கு வரவில்லை.

அடுத்த வருடம் ஒற்றை மதகின் மறுபக்கமும் தெரிந்தது. 2011 ஒக்டோபர் 10இல் கொம்பனியின் மையத்தில் ஒரு சுவிட்ச் பழுதானது. ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆபிரிக்கா எங்கும் பிளக்பெரிகள் மௌனமாகின, பிறகு அது மற்றக் கண்டங்களுக்கும் பரவியது. சுமார் மூன்று நாள் ஆட்டம். அந்த நாட்களில் வாகன விபத்துகள் டுபாயில் 20 சதவீதமும் அபுதாபியில் 40 சதவீதமும் குறைந்ததாக அங்குள்ள பொலிஸ் தரப்பு சொன்னது தனிக் கதை!

அதன் பிறகு இறக்கம்தான். 2016இல் கொம்பனி தானே போன் தயாரிப்பதை விட்டது. இனி நாம் கவனிக்க வேண்டிய இரண்டு திகதிகள்.

2019 மே 31. பிளக்பெரி மெசெஞ்சரின் பொதுச் சேவை மூடப்பட்டது. அதற்குள் தமது உரையாடல்களை எடுத்து வைக்காதவர்களுக்கு அவை போனதுதான்.

2022 ஜனவரி 4. பழைய பிளக்பெரிப் போன்களுக்கான சேவைகள் நின்றன. ஆனால் கந்தோர் மின்னஞ்சல் ஒன்றும் அழியவில்லை. ஏன்? அந்தக் கடிதங்கள் போனுடையவை அல்ல. கந்தோரின் சேர்வரில், கந்தோரின் முகவரியில் இருந்தன. போன் வெறும் தபால்காரன். தபால்காரன் ஓய்வு பெற்றால் கடிதம் சாகாது.

இந்த இரண்டு திகதிகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் நாம் சொல்ல வந்த விடயம்.

*

இனி நம் பக்கத்துக்கு வருவோம். நம் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் மின்னஞ்சல் முகவரி இல்லாமல் இல்லை. ஆனால் அன்றாட வேலை அதன் வழியாக நடக்கவில்லை. கந்தோர் மின்னஞ்சல் என்ற ஒரு முழுக் கட்டத்தைத் தாண்டி, கடதாசிக் கோப்பிலிருந்து நேரே வட்ஸ்அப் குறூப்புக்கு வந்து சேர்ந்தவர்கள் நாம். இதற்குச் சோம்பேறித்தனத்தைக் காரணம் சொல்வது அநியாயம். பெரிய காரணம் எழுத்து.

அந்தக் காலத்து நொக்கியாவிலோ பிளக்பெரியிலோ தமிழ்க் கடிதம் திறந்தால் பெட்டி பெட்டியாகத்தான் தெரியும். அது யுனிகோட் தமிழின் நிலை. நம் நாட்டுக் கந்தோர்களில் தட்டெழுதியதோ பாமினி எழுத்துருவில். பாமினி இல்லாத கருவியில் அதைத் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005இல் வந்து கைத்தொலைபேசியில் தமிழுக்கு ஒரு வழி திறந்தது. 2013இல் ஐஓஎஸ் 7 உடன் ஐபோனுக்குள்ளேயே தமிழ் விசைப்பலகை வந்தது. ஆண்ட்ராய்டிலும் தமிழ் சரியாகத் தெரியத் தொடங்கியது. ஆனால் போன் தமிழ் படித்து முடித்த நேரத்தில் நம் கைகளில் வட்ஸ்அப் இருந்தது. சுற்றுநிருபத்தைப் படம் பிடித்துக் குறூப்பில் போட்டால் எந்த எழுத்துருவும் தேவையில்லை. வேலை முடிந்தது.

வட்ஸ்அப்பைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. கொரோனாக் காலத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் போய்ச் சேர்ந்தது அதனால்தான். வெள்ளம் வந்தால் முதல் தகவல் வருவதும் அதில்தான். ஆனால் அது பிளக்பெரி மெசெஞ்சரின் வாரிசு, கந்தோர் மின்னஞ்சலின் வாரிசு அல்ல. அது தனி ஆளின் இலக்கத்தோடு கட்டப்பட்டது. அதிபர் இடமாற்றம் பெற்றுப் போனால் கடிதங்களும் அவரோடு போகும். செயலாளரின் போன் தண்ணீரில் விழுந்தால் சங்கத்தின் மூன்று வருடத் தீர்மானங்களும் தண்ணீரில். 2021இல் யாருக்கு என்ன அனுமதி கொடுத்தோம் என்று தேடினால் காலை வணக்கப் படங்களுக்கும் ஜனாஸா அறிவித்தல்களுக்கும் நடுவில் கிடக்கும், கிடந்தால்.

இன்னொன்று, பிள்ளைகளின் விபரம். பிறந்த திகதி, தகப்பனின் தொழில், நோய், புலமைப்பரிசில் புள்ளி எல்லாம் பட்டியலாகக் குறூப்பில் வருகின்றன. ஐம்பது பேர் இருக்கும் குறூப்பில் போட்டது ஐம்பது வீட்டுப் போனில் இருக்கிறது. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இருக்கட்டும். ஒரு பெற்றார் நம்மை நம்பித் தந்த விபரம் அமானிதம். அமானிதத்தைப் பற்றி நம் மார்க்கம் சொல்லித்தந்ததை யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, அந்தக் காலத்துக் கந்தோர்கள் போன் வாங்கும் முன் கேட்ட கேள்விகளை நாமும் கேட்கலாம். இதற்குப் பெரிய காசு தேவையில்லை.

முதலாவது, முகவரி யாருடையது? பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் சங்கத்துக்கும் அதனதன் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் இருக்கட்டும். அதிபரின் பெயரிலோ செயலாளரின் மகனின் பெயரிலோ வேண்டாம். பொறுப்பு ஒப்படைக்கும்போது சாவிக்கொத்து, காசுப் புத்தகத்தோடு கடவுச்சொல்லையும் ஒப்படைக்க வேண்டும்.

இரண்டாவது, பதிவு எங்கே நிற்கிறது? குறூப்பில் அறிவியுங்கள், நல்லது. ஆனால் தீர்மானமும் கடிதமும் பட்டியலும் அந்த முகவரிக்கும் போகட்டும். பறையறைவது குறூப், பத்திரம் வைப்பது மின்னஞ்சல்.

மூன்றாவது, எந்த எழுத்தில்? யுனிகோடில் தட்டெழுதிய கடிதத்தை எந்தப் போனிலும் வாசிக்கலாம், பத்து வருடம் கழித்து ஒரு சொல்லைப் போட்டுத் தேடியும் எடுக்கலாம். படத்தில் அந்தத் தேடல் இலேசில்லை.

நான்காவது, எந்த நேரத்தில்? பிளக்பெரி கந்தோரை இடுப்புப் பட்டியில் கட்டிவிட்டது என்று அன்றே முறைப்பட்டார்கள். இன்று இஷாவுக்குப் பிறகும் "நாளை காலைக்குள் தரவும்" என்று வரும் செய்திகளை ஆசிரியர்கள் அறிவார்கள். கடிதம் உடனே வந்து சேரலாம். பதிலுக்கு ஒரு நேரம் வேண்டும்.

பிளக்பெரியைத் தெரிந்தெடுத்த கந்தோரும் நொக்கியாவைத் தெரிந்தெடுத்த கந்தோரும் இன்று ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. இரண்டின் போன்களும் போய்விட்டன, இரண்டின் கடிதங்களும் இருக்கின்றன. நாளைக்கு வட்ஸ்அப்பும் போகலாம், வேறொன்று வரலாம். அன்றைக்கு நம் பாடசாலையின், நம் பள்ளிவாசலின் கடிதங்கள் எங்கே இருக்கும்?

உங்கள் பாடசாலையிலோ சங்கத்திலோ இதற்கு ஏதாவது நல்ல ஒழுங்கு இருந்தால் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.