தொண்ணூறு நாள் யாருக்குக் கனக்கும்?

போன மாசம் காலடிப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி ஒப்பந்தம் ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பினான். எண்ணூர் பக்கத்து ஆலைகளுக்குக் குழாய் வரைபடம் போட்டுத் தருபவன். மாசச் சம்பளம் கிடையாது, ஒரு வரைபடத்துக்கு இவ்வளவு என்று காசு. அவனுக்கு வேலை கொடுக்கும் கம்பெனி இந்தத் தடவை நீட்டிய தாளில் புதுசா ஒரு வரி இருந்தது. யார் விலகுவதானாலும் 90 நாள் முன்னறிவிப்பு தரணும், தவறினால் நஷ்டஈடு.

"ரெண்டு பக்கத்துக்கும் ஒரே 90 தானேண்ணே, நியாயமாத்தானே இருக்கு?" என்று கேட்டான்.

சட்டென்று பதில் சொல்ல வரலை. என் பழைய குறிப்புகளைப் புரட்டினால், விலகுகிறவன் என்ன விலை கொடுக்கணும் என்ற இந்தக் கேள்வி இந்த ஊரில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

1859-ல் வந்த 13-ஆம் சட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாம். தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் என்று பெயர். கல்கத்தா, மதராஸ், பம்பாய் மூன்று தலைநகரங்களுக்காக முதலில் போட்டது. முன்பணம் வாங்கிய கைவினைஞனோ கூலியோ வேலையை விட்டுப் போனால் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா, வேலையை முடித்துக் கொடுப்பதா என்பதைத் தேர்ந்தெடுப்பவர் புகார் கொடுத்த முதலாளி. உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். முதலாளி வாக்கு தவறினால் அவருக்கு இந்தச் சட்டத்தில் சிறை இல்லை. இங்கிலாந்திலேயே இந்த மாதிரி மீறல்களுக்குச் சிறைத் தண்டனை தரும் வழக்கத்தை 1875-ல் கைவிட்டுட்டாங்க. இங்கே 1926 ஏப்ரல் வரை இழுத்தது.

அந்தக் கடைசி வருஷங்களில்தான் பெரம்பூர் வழக்கு வருகிறது. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளர்கள்தான் அதன் முதுகெலும்பு. 1920 கடைசியில் பக்கிங்ஹாம் மில்லில் தகராறு முற்றி, கதவடைப்பு ஆனது. பின்னி நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் வாடியா மீதும் சங்கத்தார் மீதும் வழக்குப் போட்டது. ஒப்பந்தத்தை மீறச் சொல்லித் தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்பது புகார். தடை உத்தரவும் கிடைத்தது. அதாவது, கதவைச் சாத்தியவரே ஒப்பந்த மீறல் என்று வழக்கும் போட்டார்! இதன் எதிரொலியாக 1921-ல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926 தொழிற்சங்கச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு அந்தப் புகாரிலிருந்து சங்கங்களுக்குப் பாதுகாப்பு தந்தது.

அதுக்கப்புறம் சட்டம் நாள் கணக்கில் இறங்குது. 1936 ஊதியப் பட்டுவாடா சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ கூட்டாக, முன்னறிவிப்பும் தக்க காரணமும் இல்லாமல் வேலைக்கு வராமல் போனால், ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி இருந்தால், முன்னறிவிப்புக்குப் பதிலாகப் பிடிக்கக்கூடிய சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு: எட்டு நாள். 1946-ல் வந்த மத்திய அரசின் மாதிரி நிலையாணைகளில் நிரந்தரத் தொழிலாளி மாதச் சம்பளக்காரர் என்றால் ஒரு மாதம், மற்றவருக்கு இரண்டு வாரம், இல்லையென்றால் அதற்கான சம்பளம். இது ரெண்டு பக்கத்துக்கும் பொருந்தியது. தற்காலிகத் தொழிலாளிக்கும் பதிலிக்கும் முன்னறிவிப்பே இருக்கவில்லை.

அந்தப் பதிலியைக் கொஞ்சம் கவனிங்க. தம்பியோட அப்பா ஒரு துணி மில்லில் பல வருஷம் பதிலியாக இருந்தவர். காலையில் கேட்டில் போய் நிற்பார். யாராவது வரலைன்னா வேலை, எல்லாரும் வந்துட்டா வீடு. அவரை நிறுத்த மில் ஒரு நாள்கூட முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவரையும் மில் கட்டிப்போடலை. வேற வேலை கிடைச்சா மறுநாளே போகலாம். மோசமான ஏற்பாடுதான், ஆனா அதில் ஒரு கணக்கு ஒத்துப் போச்சு.

துறைமுகத்தில் வேறு வழி கண்டாங்க. தினம் கப்பலைப் பார்த்து ஆள் எடுக்கும் இடம் அது. 1948 கப்பல்துறைத் தொழிலாளர் சட்டத்தை ஒட்டி மதராஸிலும் வாரியம் வந்தது. பதிவு பெற்ற தொழிலாளி கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்க வேண்டியிருந்தது. கப்பல் இல்லாத நாளில் வந்து நின்றதற்கே ஒரு தொகை இருந்தது. காத்திருப்பதற்கு விலை வைத்தார்கள் என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

சரி, ரெண்டு பக்கமும் ஒரே நாள் என்ற வாதம்? அது 1986-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கல்கத்தாவின் மத்திய உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழகம் எதிர் பிரஜோநாத் கங்குலி வழக்கு. எந்தத் தரப்பும் மூன்று மாத முன்னறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம் என்ற விதியைக் காட்டி, அரசு நிறுவனமான அந்தக் கழகம் நிரந்தர ஊழியரை நீக்கியது. விதி இருவருக்கும் சமம்தானே என்று வாதாடினார்கள். சிங்கமும் ஆட்டுக்குட்டியும் காட்டில் ஒன்றையொன்று தின்னலாம் என்று ஒப்பந்தம் போட்ட மாதிரியான சமம் இது என்று சொல்லி நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. ஆனால் இரு தரப்பும் வியாபாரிகளாக இருக்கும் ஒப்பந்தத்துக்கு இது பொருந்தாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நம்ம தம்பி தாளில் 'சேவை வழங்குநர்'. வியாபாரி!

அவனை உட்கார வைத்து வாக்கியத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். 90 நாள் ஒப்பந்தம் நீடிக்கும் என்றுதான் இருக்கு. அந்த 90 நாளில் எத்தனை வரைபடம் தருவோம் என்று எங்கேயும் இல்லை. கம்பெனி இன்றைக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு நாளையிலிருந்து ஒரு வேலையும் அனுப்பாமல் இருந்தாலும் வாக்குத் தவறினதாக ஆகாது. அவன் நோட்டீஸ் கொடுத்தால்? மூணு மாசம் அனுப்பியதையெல்லாம் முடிச்சுக் கொடுக்கணும், புது ஆள்கிட்ட சேர முடியாது. நிரந்தர ஆளின் கயிறு, பதிலியின் கூலி.

கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கு. ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருக்கும் சமயத்தில் வரைபடக்காரன் கழன்றுகொண்டால் அவங்க பாடு திண்டாட்டம். அவனை நீதிமன்றம் உட்கார வைத்து வரையச் சொல்லாது. தனிநபர் உழைப்பை அப்படிக் கட்டாயப்படுத்த இன்றைக்கு வழியில்லை. நஷ்டஈடும் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி நியாயமான அளவுக்குத்தான், தாளில் எழுதின தொகை அப்படியே கிடைச்சுடாது. ஆனா கேஸ் நடத்தற செலவு யாருக்குக் கட்டுப்படியாகும்ங்கறது வேற விஷயம்.

ரெண்டில் ஒண்ணு கேளுன்னு சொன்னேன். ஒண்ணு, 15 நாள். இல்லைன்னா 90 நாளே இருக்கட்டும், அந்த மூணு மாசமும் முந்தின மூணு மாச பில்லோட சராசரி கையில் வரணும். துறைமுகத்துக்காரங்க வாங்கின மாதிரி.

நேத்து பதில் வந்திருக்கு. 30 நாளாகக் குறைக்கிறாங்களாம், சராசரி பில் பேச்சே இல்லை. தம்பி இன்னும் கையெழுத்துப் போடலை.