மீண்டெழுந்த கானகம்

தேவனாம்பட்டினக் கடற்கரையில் உலவும்போதெல்லாம் இரண்டு கோட்டைகள் என் நினைவுக்கு வருகின்றன. ஒன்று, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1690ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கிய புனித டேவிட் கோட்டை. 1758இல் பிரெஞ்சுப் படை அதனைக் கைப்பற்றி இடித்தது. அது மீண்டும் பழைய நிலையை எய்தவில்லை. மற்றொன்று, இங்கிருந்து தெற்கே, சிதம்பரத்திற்குக் கிழக்கே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடு. மரங்களால் ஆன இக்கோட்டையும் ஒருமுறை வீழ்ந்தது. ஆனால் மீண்டும் எழுந்தது. அவ்வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

சிதம்பரத்திற்குத் தன் பெயரை அளித்த தில்லை மரம் இன்றும் இங்கே வளர்கின்றது. படகில் செல்லும்போது சுரபுன்னையின் விந்தையைக் கண்டேன். அதன் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு நீண்டு, பின்னரே சேற்றில் விழுந்து வேரூன்றுகின்றது. வெண்கண்டலோ சேற்றுக்கு மேலே வேர்களை நீட்டிச் சுவாசிக்கின்றது. வேர்களிடையே இறாலும் நண்டும் வளர்கின்றன. நாரையும் மீன்கொத்தியும் இரை தேடி வருகின்றன.

இக்காட்டை ஆங்கிலேயர் காலந்தொட்டு 1970கள் வரை பகுதி பகுதியாக அடியோடு வெட்டினர். வெட்டிய இடம் தானே தழைக்கும் என்பது கணக்கு. அக்கணக்குப் பொய்த்தது. வெயில் பட்ட சேற்றுநிலம் வற்றி, தட்டுப்போல் குழிந்தது. ஓதத்தில் புகுந்த கடல்நீர் திரும்ப வழியின்றித் தேங்கி ஆவியாயிற்று, உப்பு மிகுந்தது, கன்றுகள் பிழைக்கவில்லை. பழியோ, ஆடுமாடு மேய்த்தவர்மீதும் விறகு வெட்டிய ஏழைகள்மீதும் விழுந்தது.

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் நிலத்தையும் நீரையும் ஆராய்ந்து உண்மையான காரணத்தைக் கண்டனர். வனத்துறையினரும் ஊர்மக்களும் உடனுழைக்க, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டப்பட்டன. ஓதநீர் தடையின்றி வந்து சென்றது, உப்பு தணிந்தது. அதன் பின்னர் நட்ட கன்றுகள் தழைத்தன.

2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தில் பல உயிர்களைக் கவர்ந்தது. இம்மாவட்டத்தில் மரச்செறிவுக்குப் பின்னே இருந்த ஊர்களில் சேதம் குறைவு என ஆய்வாளர் பின்னர் எழுதினர். 2022இல் பிச்சாவரம், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குரிய ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

மாணவர்களே, மரம் நடுதல் நற்செயலே. ஆயினும், முன்னர் நின்ற மரம் ஏன் பட்டது என்று முதலில் கேளுங்கள். அக்கேள்வியே பிச்சாவரத்தைக் காத்தது. எளியோர்மீது விழுந்த பழியையும் துடைத்தது.