சேற்றில் இறங்கிய ஜெர்மன் இயந்திரம்: காவிரிப் படுகையில் பெல்ட் வண்டியின் வரலாறு

குறுவை நெல் முற்றும் காலமும் வானம் இருட்டிக்கொள்ளும் காலமும் காவிரிப் படுகையில் ஒன்றுதான். மேட்டூர் அணையை ஜூன் 12 வாக்கில் திறந்து, 110 நாள் வயதுள்ள ஆடுதுறை 36 அல்லது ஆடுதுறை 43 நட்டால் அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் வரும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதே வந்துவிடும். கதிர் சாய்ந்து கிடக்கும், வயலில் தண்ணீர் வடிந்திராது, கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். அந்த வயலுக்குள்ளும் இன்று இரண்டு ரப்பர் பட்டைகளின் மேல் ஒரு வண்டி இறங்கி, அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லைத் தொட்டியில் சேர்த்துக்கொண்டு கரையேறுகிறது. அதற்கு டெல்டாவில் பெல்ட் வண்டி என்று பெயர். இந்த வகையில் முதலில் பெயரெடுத்தவற்றுள் ஒன்று ஜெர்மன் நிறுவனத்துடையது. மக்கள் அதை ‘கிளாஸ் வண்டி’ என்றார்கள். கோதுமைக் காட்டில் பிறந்த ஒரு பொறி நெல் வயலின் சேற்றுக்கு எப்படித் தகவமைந்தது, அந்தத் தகவமைப்பில் எவை விடுபட்டுப்போயின என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

ஆகஸ்ட் கிளாஸ் 1913இல் ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா பகுதியில் உள்ள கிளார்ஹோல்ட்ஸ் என்ற ஊரில் தொழிலைத் தொடங்கினார். சகோதரர்களும் சேர்ந்துகொள்ள, 1919இல் பட்டறை ஹார்சவிங்கெலுக்கு இடம்பெயர்ந்தது. 1921இல் அவர்கள் காப்புரிமை பெற்றது வைக்கோல் கட்டின் கயிற்றுக்கு முடிச்சுப் போடும் ஒரு சிறு கருவிக்கு. தொழில் அதன்மீதுதான் எழும்பியது. பின்னாளில் பெரும் அறுவடை இயந்திரங்களால் உலகறிந்த நிறுவனம், வைக்கோலை ஒழுங்காகக் கட்டித் தருவதில் தொடங்கியது என்பதை வாசகர் நினைவில் வைக்க வேண்டுகிறேன். கட்டுரையின் பிற்பகுதியில் அது தேவைப்படும்.

அறுப்பையும் போரடிப்பையும் ஒரே வண்டியில் சேர்க்கும் முயற்சி 1830களிலேயே அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. அங்கே நிலம் அகன்றது, கதிர் வயலிலேயே சருகாகக் காய்ந்தது. ஐரோப்பாவில் பயிர் அடர்த்தியானது, தாள் நீளமானது, காற்றில் ஈரம் அதிகம். அமெரிக்க முறை இங்கே எடுபடாது என்பது அந்நாளில் பலர் கொண்டிருந்த கருத்து. பான் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் ஃபோர்ம்ஃபெல்டேயின் ஊக்கத்துடன் கிளாஸ் சகோதரர்கள் 1936இல் வெளிக்கொணர்ந்த வண்டிதான் ஐரோப்பிய நிலத்துக்கென வடிவமைத்து வெற்றிகண்ட முதல் கூட்டு அறுவடை இயந்திரம். டிராக்டர் அதை இழுத்துச் சென்றது. அதன் ஜெர்மன் பெயருக்கு ‘அறுத்து, அடித்து, கட்டுவது’ என்று பொருள். உழவருக்கு மாட்டுக்கு வைக்கோல் வேண்டும் என்பதால் கட்டும் பொறியையும் வண்டியிலேயே வைத்திருந்தார்கள். தானே ஓடும் கிளாஸ் வண்டி 1953இல் வந்தது.

இந்த இயந்திரங்கள் நெல்லிடம் வந்தபோது இரண்டு இடங்களில் தடுக்கின. ஒன்று வயிற்றில், மற்றொன்று காலில்.

வயிற்றுச் சிக்கல் இது. கோதுமை வண்டியில் உருளை கதிரை அடித்ததும் தாள் ஆடும் தட்டுகளின்மேல் உதறப்பட்டுப் பின்னே போகும், உதிர்ந்த மணி கீழே விழும். காய்ந்த தாளுக்கு உதறல் போதும். நெல்லின் தாளோ அறுக்கும்போதும் பச்சையாக, ஈரமாக இருக்கும். உதறினால் பிரியாமல் பாய்போல் ஒட்டிக்கொண்டு, மணியையும் சுமந்தபடி வெளியே போய்விடும். பிலிப்பைன்ஸின் லோஸ் பானோஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1970களில் உருவாக்கிய போரடிக்கும் பொறி வேறு வழியைக் காட்டியது. அதில் தாள் உருளையின் குறுக்கே ஒரு நொடியில் கடந்துவிடாது. உருளையின் நீளவாக்கில் திருகுபோல் பலமுறை சுற்றியபடி நகரும். ஒவ்வொரு சுற்றிலும் உராய்ந்து மணி கழன்று விழும். உதறல் தேவையில்லை. ஈரத்தாளுக்கு ஏற்ற முறை இதுதான்.

கிளாஸ், இந்தியாவின் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து ஃபரீதாபாத்தில் தயாரித்த ‘கிராப் டைகர்’ வண்டியில் இரு முறைகளும் இணைந்தன. முதல் உருளை குறுக்கே அடித்துத் தள்ளும், அடுத்த உருளை நீளவாக்கில் சுற்றிப் பிரிக்கும். பிறகு கூட்டு முடிந்து நிறுவனம் முழுவதும் கிளாஸ் கைக்கு வந்தது, பஞ்சாபின் மொரிண்டாவில் புதிய ஆலையும் எழுந்தது.

காலின் சிக்கலே டெல்டாவுக்குப் பெரியது. தொளி கலக்கி உழுத நெல் வயலில் மேலே கொழகொழத்த சேறும், அடியில் பல தலைமுறை உழவில் இறுகிய கெட்டித் தளமும் இருக்கும். டயர் வண்டியின் எடை முழுவதும் நான்கு சிறு இடங்களில் ஊன்றுவதால் சக்கரம் சேற்றைப் பிளந்து இறங்கி அங்கேயே சுழலும். அதே எடையை நீண்ட இரு ரப்பர் பட்டைகளில் பரப்பினால் ஒரு சதுர அங்குலத்தின் பாரம் பல மடங்கு குறைந்து வண்டி சேற்றின்மேல் மிதப்பதுபோல் நகரும். பட்டை போட்டுவிட்டால் மட்டும் போதாது. முன்னால் அறுக்கும் தலைப்பகுதி கனமாக நீண்டிருக்கும், நெல் தொட்டியின் எடை நிமிடத்துக்கு நிமிடம் கூடும். எந்த நிலையிலும் எடையின் மையம் பட்டைகளின் நடுவை விட்டு அதிகம் விலகக் கூடாது. விலகினால் வண்டி மூக்கு குத்தும். திரும்பும்போது ஒரு பட்டை நிற்க மற்றொன்று இழுப்பதால் வரப்போரத்தில் சேறு வழிக்கப்பட்டுப் பள்ளம் விழும். வண்டி நுழைவதற்கு முன் வயலின் மூலைகளைக் கையால் அறுத்துக் கொடுக்கும் வழக்கம் இதனால் வந்தது.

இனி டெல்டாவின் பக்கம். ஆட்கள் கதிர் அரிவாளால் அறுத்து, அரி போட்டு, கட்டாகக் கட்டி, தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுவந்து, அடித்துத் தூற்றிய வேலையாக இருந்தது அறுவடை. கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. அந்த அளவை உயர்த்தக் கேட்டு நடந்த போராட்டத்தின் பின்னணியில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டில் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. டெல்டாவில் அறுவடை இயந்திரத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்த நிகழ்வைத் தாண்டிப் போகக் கூடாது. அறுவடைக் கூலி அங்கே உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

நூறு நாள் வேலைத் திட்டத்தால் ஆள் கிடைக்காமல் போய்த்தான் மெஷின் வந்தது என்று இன்றும் டீக்கடைகளில் கேட்கலாம். காலவரிசை இதை ஏற்கவில்லை. அத்திட்டம் 2006இல் நாகப்பட்டினத்துக்கும் அடுத்த ஆண்டு தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களுக்கும் வந்தது. அறுவடை வண்டிகள் அதற்கு முன்பே வரப்பேறிவிட்டன. காரணத்தின் வேர் 1960களில் இருக்கிறது. 1965இல் வெளியான ஆடுதுறை 27 போன்ற குறுகிய வயது ரகங்கள் குறுவையைப் பரப்பின, அதன்பின் அதே வயலில் தாளடி நட வேண்டியதாயிற்று. ஒரு போகத்தை அறுப்பதற்கும் அடுத்ததை நடுவதற்கும் இடையே சில நாட்களே மிஞ்சின, அந்த நாட்களிலும் மழை. வண்டியை அழைத்தது முதலில் அந்த நெருக்கடி. ஆட்கள் திருப்பூருக்கும் பிற ஊர்களுக்கும் பெயர்ந்தது அழைப்பை வேகப்படுத்தியது.

வண்டியை வாங்கியவர்கள் பெரும்பாலும் டெல்டா உழவர்கள் அல்லர். சேலம் மாவட்டத்து ஆத்தூர், தலைவாசல் பகுதிகளிலிருந்து வண்டிகள் லாரியில் ஏறி வரும், உள்ளூர் புரோக்கர் வயல் பிடித்துத் தருவார், வாடகை மணிக் கணக்கு. மண் காய்ந்த தை, மாசியில் டயர் வண்டியே போதும். ஈர வயலுக்குப் பெல்ட் வண்டிதான், அதன் வாடகையும் கூடுதல். ஆகவே மழை பெய்தால் உழவரின் செலவு ஏறும்.

விடுபட்டவற்றுக்கு வருவோம். கையால் அறுத்த காலத்தில் அரி வயலில் கிடந்து ஓரளவு காய்ந்த பிறகே கட்டு களம் போனது. வண்டி அந்த இடைவெளியை இல்லாமலாக்கிவிட்டது. அறுத்த கணத்திலேயே நெல் ஈரத்துடன் தொட்டியில் விழுகிறது. கொள்முதல் நிலையத்தின் பொது விதியோ 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் கூடாது என்கிறது. சாலையோரம் நெல் கொட்டிக் கிடப்பதற்குக் காரணம் உழவரின் அலட்சியம் அல்ல. காயவைக்கும் வேலையை வண்டி அவர் தலையில் விட்டுப்போயிருக்கிறது. நனைந்த நெல்லைக் காக்கவென்று 1967இல் திருவாரூரில் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே வளர்ந்து இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. அறுவடை இயந்திரமயமானதுபோல் உலர்த்துதல் ஆகவில்லை.

அடுத்தது உளுந்து. தாளடி அறுப்பதற்குச் சில நாள் முன் நின்ற பயிரினூடே விதைத்து, ஈரத்தில் முளைக்கவைத்து, பனியிலேயே வளர்த்தெடுப்பது டெல்டாவின் பழைய அறிவு. கையறுவடையில் அந்த முளைகளுக்குச் சேதம் குறைவு. வண்டியின் தடத்திலோ அவை நசுங்குகின்றன. மூன்றாவது வைக்கோல். வண்டி கக்கும் நொறுங்கிய தாளில் போர் போட முடிவதில்லை. அதைத் திரட்டிக் கட்ட இன்னொரு மெஷினும் இன்னொரு வாடகையும். முடிச்சுப் போடும் கருவியில் பிறந்து, தன் முதல் அறுவடை வண்டியிலேயே கட்டும் பொறியை வைத்த நிறுவனம் நெல்லுக்கென்று செய்த வண்டியில் அதை வைக்கவில்லை. ஜெர்மன் உழவரின் மாட்டை 1936இல் நினைத்த வடிவமைப்பு, தஞ்சை உழவரின் மாட்டை நினைக்கவில்லை.

இப்போது டெல்டா வயல்களில் குபோட்டா உள்ளிட்ட ஜப்பானிய வண்டிகளும் ஓடுகின்றன. கிளாஸின் இந்திய நிறுவனத்தை வாங்க 2024இல் ஜப்பானின் யான்மார் ஒப்பந்தம் செய்தது. வடிவமைப்பாளர் யாராயினும் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வண்டியின் சோதனை ஓட்டத்தை ஐப்பசி மழையில் ஒருமுறையும், உளுந்து முளைத்து நிற்கும் தை மாதத்தில் ஒருமுறையும் ஆடுதுறை வயல்களில் நடத்துங்கள். குறிப்பேட்டுடன் அந்த வயலின் உழவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.