கடல் சாமந்தியை வீட்டில் வளர்க்கலாமா? பினாங்கு வெப்பத்தில் கவனிக்க வேண்டியவை

'ஃபைண்டிங் நீமோ' திரைப்படம் 2003ஆம் ஆண்டு வெளிவந்த பிறகு, மீன் கடைக்குப் போகும் பிள்ளைகள் ஆரஞ்சும் வெள்ளையுமான கோமாளி மீனோடு நிற்பதில்லை. அது ஒளிந்து விளையாடும் 'வீட்டையும்' சேர்த்துக் கேட்கிறார்கள். அந்த வீடுதான் கடல் சாமந்தி. கடைகளில் 'அனிமோன்' என்று சொன்னால் எடுத்துக் காட்டுவார்கள்.

பார்வைக்கு அது பூப்போல இருந்தாலும், வாயும் வயிறும் உள்ள ஒரு கடல் பிராணி. பத்து ஃபிரிங்கியில் குளிப்பவர்களின் உடம்பில் பட்டு எரிச்சலூட்டும் சொறி மீனுக்கு அது நெருங்கிய உறவு. அதன் விரல் போன்ற நீட்சிகளிலும் கொட்டும் அணுக்கள் உண்டு.

முறையாகப் பராமரித்தால் இதற்கு ஆயுள் மிக அதிகம். ஸ்காட்லாந்தில் சர் ஜான் டேலியல் என்ற ஆய்வாளர் 1828ஆம் ஆண்டு கடலோரத்தில் எடுத்து வந்த ஒரு கடல் சாமந்தி, 1887ஆம் ஆண்டு வரை கண்ணாடிச் சாடியில் உயிரோடு இருந்தது. அவர் 1851ஆம் ஆண்டு காலமான பிறகும், அது கைமாறிக் கைமாறிப் பராமரிக்கப்பட்டது. மக்கள் அதற்குப் 'பாட்டி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அது குளிர்ந்த கடலைச் சேர்ந்த வேறு இனம். ஆனாலும் தவறாமல் நீர் மாற்றி, ஒரே நிலையில் வைத்துப் பார்த்துக்கொண்டால் இப்பிராணி எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு அது சான்று.

அப்படிப்பட்ட பிராணி, நம் வீட்டுத் தொட்டிகளில் பல வேளைகளில் சில மாதங்கள்கூடத் தாங்குவதில்லை. தயாராகாத தொட்டியும் நிலையில்லாத தண்ணீருமே இதற்கு முக்கியக் காரணங்கள்.

முதலில் தொட்டி பக்குவப்படட்டும்

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. கல்லிலும் மணலிலும் வளரும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்த ஏற்பாடு நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். கடல் சாமந்திக்கு அது மட்டும் போதாது. தொட்டிக்குக் குறைந்தது 6 மாதம், முடிந்தால் ஓராண்டு வயதாகியிருப்பது நல்லது. அளவும் 150 லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். தண்ணீர் குறைவாக இருந்தால் அதன் நிலை சட்டென்று மாறிவிடும்.

சோதனைப் பெட்டியில் பார்க்கும்போது அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் 10 பி.பி.எம். அளவுக்குள் இருப்பது நல்லது. பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருக்கலாம்.

வெப்பம்தான் முதல் எதிரி

கடல் சாமந்திக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் ஏற்றது. பினாங்கில் பகல் வெப்பம் 31, 32 டிகிரியைத் தொடுவது வழக்கம். ஜன்னலைச் சாத்திவிட்டு எல்லாரும் வேலைக்குப் போய்விட்ட அடுக்குமாடி வீட்டில், விளக்கின் சூடும் பம்பின் சூடும் சேர்ந்து தொட்டி நீரைச் சுட வைத்துவிடும்.

இதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியைக் கொண்டு அவை தயாரிக்கும் உணவில்தான் இது பெரும்பாலும் வாழ்கிறது. சூடு மிஞ்சினால் பாசிகள் வெளியேறி, உடல் வெளுத்துவிடும். கடலிலேயே இது நடக்கிறது. 2010ஆம் ஆண்டு கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது, தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்கள் பல மாதங்கள் மூடப்பட்டன. கடலுக்கே ஒன்றிரண்டு டிகிரி தாங்கவில்லை என்றால், வீட்டுத் தொட்டி எம்மாத்திரம்?

எனவே, 'சில்லர்' எனும் குளிரூட்டி வாங்க வசதி உண்டா என்பதை முதலிலேயே கணக்கிட வேண்டும். அதன் மின் கட்டணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீர்ப்பரப்பில் காற்று வீசும் சிறு விசிறி ஓரிரு டிகிரி குறைக்கும். ஆனால், விசிறியால் நீர் வேகமாக ஆவியாகும்.

உப்பின் அளவு மாறக்கூடாது

ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 100 லிட்டரில் 5 லிட்டர் குறைந்தால், 35ஆக இருந்த உப்பு அளவு ஏறக்குறைய 37ஆக உயர்ந்துவிடும். ஆகவே குறைந்த அளவை தினமும் நன்னீரால் நிரப்ப வேண்டும். இதற்கு உப்பு நீர் ஊற்றுவது பலர் செய்யும் தவறு. உப்புமானியில் 1.025 அல்லது 1.026 காட்டுவது சரியான அளவு.

குழாய் நீரில் கிருமி நீக்கத்துக்குக் குளோரின் சேர்க்கப்படுகிறது. அதை அப்படியே ஊற்றக்கூடாது. ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரே நல்லது. கடை வாசல் இயந்திரத்தில் நாணயம் போட்டு நீர் பிடிப்பவர்கள், டி.டி.எஸ். மானியால் ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்வது உத்தமம்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்று கர்னி டிரைவ் நீரை அள்ளி வரவும் கூடாது. நம் கரையோர நீரில் சேறு அதிகம், அழுக்கும் கலந்திருக்கும். மீன் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்பை, பெட்டியில் சொன்ன அளவில், முதல் நாளே கலந்து வைத்துப் பயன்படுத்தலாம். சமையல் உப்பு இதற்கு உதவாது.

எதை வாங்குவது?

பழகுவோருக்கு ஏற்றது 'பபிள் டிப்' எனப்படும் குமிழ் முனை இனம். இது தானே இரண்டாகப் பிரிந்து பெருகும். எனவே, இன்னொருவர் தொட்டியில் பிரிந்து வளர்ந்ததைக் கேட்டு வாங்குவதே சிறப்பு. அது தொட்டி நீருக்குப் பழகியது. அதற்காகக் கடலிலிருந்து எதையும் பறிக்க வேண்டியதில்லை.

வாங்கும்போது வாய் இறுக மூடியிருக்கிறதா, அடிப்பாதத்தில் கிழிசல் இல்லையா என்று பார்க்க வேண்டும். வெள்ளை வெளேரென்று இருப்பது அழகல்ல, அது பாசியை இழந்து பட்டினி கிடக்கிறது. பளீர் மஞ்சள் நிறத்தில் இருந்தால் சாயம் ஏற்றியதாக இருக்கலாம்.

பூலாவ் பாயார் போன்ற கடல் பூங்காக்களில் இவற்றைப் பிடுங்கி எடுப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம்.

வீட்டுக்கு வந்த பிறகு

தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஒரு மணி நேரமாவது பழக்கிய பிறகே உள்ளே விட வேண்டும். பிடித்த இடம் கிடைக்கும் வரை அது நகர்ந்துகொண்டே இருக்கும். பம்பின் வாயில் சிக்கினால் நார் நாராகிவிடும் என்பதால், பம்புக்கு வலை அல்லது பஞ்சு உறை போட்டிருக்க வேண்டும். பவளத் தொட்டிக்கான விளக்கு தினமும் 8 முதல் 10 மணி நேரம் எரிய வேண்டும். வாரம் ஒருமுறை சிறு இறால் துண்டு கொடுத்தால் போதும்.

மீனுக்கு வெண்புள்ளி நோய் கண்டால், செம்பு கலந்த மருந்தைத் தொட்டியில் ஊற்றிவிடக்கூடாது. அது கடல் சாமந்திக்கு விஷம். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி வைத்தியம் செய்ய வேண்டும். டிங்கிக்காகக் குடியிருப்பில் புகை அடிக்கும் நாளில், காற்றுப் பம்பை நிறுத்தித் தொட்டியை மூடி, ஜன்னல்களையும் அடைத்துவிட வேண்டும். புகை அடங்கியதும் பம்பை மீண்டும் ஓட விட மறக்கக்கூடாது.

அவ்வப்போது சுருங்கி விரிவது இயல்பு. ஆனால், வாய் பிளந்து, உடல் கூழாகி, துர்நாற்றம் வீசினால் அது இறந்துவிட்டது என்று பொருள். உடனே அகற்றாவிட்டால் நீர் கெட்டு மீன்களும் மடியும்.

இவ்வளவும் முடியாது என்று தோன்றினால் அதில் குறை ஒன்றும் இல்லை. பண்ணையில் பிறந்த கோமாளி மீன், கடல் சாமந்தி இல்லாமலே வீட்டுத் தொட்டியில் நன்றாக வாழும். பிள்ளையின் ஆசைக்கு இப்போது அந்த மீன் போதும். தொட்டி ஓராண்டு நிலையாக நின்ற பிறகு, அதற்கு 'வீடு' வாங்கித் தரலாம்.