மார்பில் சிலிகோன் பை இருந்தால் மேமோகிராம் எடுக்க முடியுமா? ஒரு குட்டி வரலாறு

2018 பிப்ரவரியில் வந்த செய்தி ஞாபகம் இருக்கிறதா? சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு அறுவை சிகிச்சை இலவசம் என்று அறிவித்தார்கள். ஏழைக்கு அழகு வேண்டாமா, நாம் செய்யாவிட்டால் கடன் வாங்கி வேறெங்கோ போவார்கள் என்பது அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கரின் வாதம். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. ஆனால் ஒரு கேள்வி... பை வைத்துக்கொண்டவருக்கு நாளைக்கு மார்பகப் புற்றுநோய் பரிசோதனை எப்படி?

பதிலுக்கு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்துக்குப் போக வேண்டும். மார்பகத்தை எக்ஸ்ரேயில் தெளிவாகப் பார்க்கும் முறையை ராபர்ட் ஈகன் என்ற டாக்டர் 1960ல் வெளியிட்டது அங்கேதான். (1913லேயே பெர்லினில் சாலமன் தொடங்கிய வேலை இது. ஆனால் அவர் படம் எடுத்தது அறுத்தெடுத்த மார்பகங்களை!) இரண்டே வருஷம் கழித்து, 1962ல், அதே ஹூஸ்டனில் குரோனின், ஜெரோ என்ற டாக்டர்கள் உலகின் முதல் சிலிகோன் பையை ஒரு பெண்ணுக்கு வைத்தார்கள். ரத்தப் பையை அமுக்கிப் பார்த்தபோது ஜெரோவுக்கு யோசனை வந்ததாம்.

சிக்கல் என்னவென்றால், சிலிகோன் எக்ஸ்ரேயை மறித்துவிடும். படத்தில் அந்த இடம் வெள்ளையாக விழும், அங்கே உள்ள சதை தெரியாது. திருப்பூர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அடியில் லைட் எரியும் செக்கிங் மேசையில் துணி ஓடும்போது ஓட்டை பளிச்சென்று தெரியும். துணி மடிந்து கிடந்தால் தெரியுமா? மடிப்பை விலக்கித்தான் பார்க்க வேண்டும்.

1988ல் எக்லண்ட் என்ற எக்ஸ்ரே டாக்டரும் சகாக்களும் சொன்னது கிட்டத்தட்ட அதேதான். பையை நெஞ்சுப் பக்கம் தள்ளிவிட்டு, சதையை மட்டும் முன்னால் இழுத்து அழுத்திப் படம் எடுப்பது. புது மெஷின் எதுவும் இல்லை, கைவேலைதான். இதற்கு 26 வருஷம் ஆகியிருக்கிறது! வழக்கமான 4 படங்களோடு இன்னும் 4 சேரும். அப்போதும் எல்லா இடமும் தெரிந்துவிடாது. அழுத்தினால் பை உடைந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு, அது அபூர்வம்.

நம் நாட்டில் 2016ல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்படி 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதனை. சந்தேகம் வந்தால்தான் அடுத்த கட்டம். எந்தக் கட்டமானாலும் பை இருப்பதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் ஒரு அக்கா, மாமியார் பக்கத்தில் நிற்கும்போது இதை எப்படிச் சொல்வார்? பை வைக்கும்போது அதன் விவரத்தோடு ஒரு அட்டை தருவது வழக்கம். ரேஷன் கார்டு இருக்கிற டப்பாவிலேயே அதையும் போட்டு வைத்திருந்து, நர்ஸிடம் நீட்டினால் போதும்.