பாவத்துக்கு ஒரு பூர்ஜி: நேபாள அரசு ஆவணங்களில் சமயமும் நிர்வாகமும்

‘லால்மொஹர்’ என்பது நேபாள மன்னரின் சிவப்பு முத்திரை பதித்த ஆணை. அப்படிப்பட்ட ஓர் ஆணையின் கடைசி வரியை மட்டும் பார்த்தாலே போதும். ‘இதி சம்வத்’ என்று தொடங்கும். ஆண்டின் எண்ணுக்குப் பின் ‘சால்’ வரும், அடுத்து ‘மிதி’ என்று திதி. கிழமையைக் குறிக்க ‘ரோஜ்’ போட்டு ஓர் எண். ஆணை பிறந்த இடத்துக்கு ‘மொகாம்’. கடைசியில் ‘காந்திபுர் ராஜதானி, சுபம்’. சம்வத்தும் ராஜதானியும் வடமொழி. சாலும் ரோஜும் பாரசீகம். மொகாம் அரபுச் சொல். தமிழில் முகாம் என்று நடமாடுவதும் அதுவே.

இந்தக் கலப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் எளியது. வரி, வழக்கு, படை போன்ற ஆட்சிக் காரியங்களுக்கு முகலாயர் வழிவந்த பாரசீகச் சொற்கள். கோயில், சாதி, தீட்டு ஆகியவற்றுக்கு வடமொழிச் சொற்கள். முகலாயர் ஆளாத நாடு நேபாளம் என்பதால் இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நேபாளத்தை ஒன்றிணைத்த மன்னர் பிருத்வி நாராயண் ஷாவின் பெயரில் வழங்கும் ‘திவ்ய உபதேசம்’ இந்த நாட்டை ‘அசல் ஹிந்துஸ்தானா’ என்று பெருமையோடு அழைக்கிறது. அசல் அரபு, ஹிந்துஸ்தான் பாரசீகம்.

வேர்ச்சொல்லை வைத்து இப்படிப் பாகம் பிரிப்பது அகராதிக்குச் சரி, வரலாற்றுக்குச் சரிவராது. நிலத்தை எடுத்துக்கொண்டால் ‘விருத்தி’ என்ற வடமொழிச் சொல்லின் திரிபுதான் ‘பிர்தா’. அந்தணருக்கும் அறப்பணிக்கும் விட்ட மானியம் என்ற நினைப்பையே அது தரும். ஆனால் பரம்பரைப் பிரதமர்களாக இருந்து நாட்டை ஆண்ட ராணாக்கள் காலத்தில் பிர்தா நிலங்களில் பெரும்பகுதி ராணா குடும்பத்தாரின் கையில் இருந்ததை மகேஷ் சந்திர ரெக்மியின் நிலவுடைமை ஆய்வுகள் காட்டுகின்றன. 1959இல் சட்டம் போட்டு ஒழித்தபோது பறிபோனது புரோகிதர்களின் காணி மட்டுமல்ல, ஓர் ஆளும் குடும்பத்தின் வருமானமும்தான். மறுபக்கம், அதிகாரிகளின் நியமனத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ‘பஜனி’ முழுக்க முழுக்க ஆட்சிக் காரியம். அதற்கான காலமோ தசைன் பண்டிகையை ஒட்டியது.

ஆகவே பார்க்கவேண்டியது சொல்லின் பிறப்பை அல்ல, காகிதம் எந்தக் கைகளின் வழியே போனது என்பதை. அப்படிப் பார்த்தால் நேபாளத்தில் சமயம் நிர்வாகத்துக்கு அருகில் இருந்த தனித் துறை அல்ல, நிர்வாகத்தின் ஒரு மேசையாகவே இயங்கியது. இதற்கு வலுவான சான்று ‘பதியா’.

தீண்டத்தகாதவராக வைக்கப்பட்டவரிடமிருந்தோ சாதியிழந்தவரிடமிருந்தோ சோறும் தண்ணீரும் பெற்றுக்கொண்டவர், மீண்டும் தன் சாதியில் சேர்வதற்கான பிராயச்சித்தமே பதியா. 1854இல் ஜங் பகதூர் ராணா கொண்டுவந்த ‘முலுகி ஐன்’ என்ற சட்டநூல் இதை விரிவாக வகுக்கிறது. அறியாமல் நேர்ந்ததா, தெரிந்தே செய்ததா என்பது முதல் கேள்வி. தெரியாமல் என்றால் பதியா கிடைக்கும். தெரிந்தே என்றால் சாதியே போகலாம். தண்ணீர் மட்டும் புழங்கும் அளவுக்கு மீட்பதும் உண்டு, சோறும் தண்ணீரும் சேர்த்து மீட்பதும் உண்டு. பதியா வழங்கும் அந்தண அதிகாரி ‘தர்மாதிகார்’. அவருக்குச் செலுத்தும் தொகையின் பெயர் ‘கோதானம்’. பெயரில் பசு இருந்தாலும் கைமாறியது காசு. அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் ‘பூர்ஜி’, துண்டுக் காகிதத்துக்கான பாரசீகச் சொல். பாவம் கழிந்ததற்கு மந்திரம் போதவில்லை, எழுத்தில் அத்தாட்சி வேண்டியிருந்தது.

தர்மாதிகாரும் தன் விருப்பப்படி பாவமன்னிப்பு வழங்க முடியாது. ஐன் வகுத்த எல்லைக்குள்தான் அவர் அதிகாரம். சாத்திரத்தின் குரலில் பேசியவர், சட்டத்தின் கீழ் வேலை பார்த்தார். ஐனின் சாதி அமைப்பை ஆராய்ந்து ஆண்ட்ராஸ் ஹோஃபர் 1979இல் வெளியிட்ட நூலைப் படிப்பவர்களுக்கு, முப்புரிநூல் அணிந்தோர் முதல் தண்ணீர் புழங்காதோர் வரையிலான அடுக்கு அரசு நிறுத்திவைத்த அடுக்கு என்பது தெளிவாகவே விளங்கும்.

இதில் புதுமை இல்லை, மராட்டியர் ஆட்சியிலும் சுத்திபத்திரம் வழங்கப்பட்டதே என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. ஆனால் பேஷ்வாக்களின் ஆட்சி 1818இல் முடிந்துபோனது. நேபாளம் அதற்கு 36 ஆண்டுகள் கழித்து இந்த வழக்கத்தை நாடு முழுவதற்குமான ஒரே சட்டநூலில் ஏற்றி, இருபதாம் நூற்றாண்டுக்குள்ளும் கொண்டுசென்றது. லாசாவில் கடை வைத்திருந்த நேவார் வணிகர்கள் ஊர் திரும்பியதும் பதியா பெற்றே வீட்டாரோடு கலக்க முடிந்தது. முதல் உலகப் போரில் கடல் கடந்த கூர்க்கா வீரர்களுக்கும் ‘பானி பதியா’ கட்டாயமாயிற்று. அதற்குக் காத்மாண்டு ராஜகுருவின் ஒப்புதல் வேண்டியிருந்தது. வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிடக்கூடிய சங்கதியா இது?

சமயமும் நிர்வாகமும் கலந்த இன்னொரு ஏற்பாடான ‘குட்டி’யின் கதை இன்னும் முடியவில்லை. கோஷ்டி என்ற பெயரில் லிச்சவி காலக் கல்வெட்டுகளிலேயே தென்படும் அறக்கட்டளை முறை இது. கோயில் பூசைக்கும் திருவிழாவுக்கும் சத்திரத்துக்கும் நிலம் எழுதிவைப்பார்கள். உறுப்பினர்கள் முறைவைத்து நடத்துவார்கள். ராணா அரசு இதற்கென ‘குட்டி பந்தோபஸ்த் அட்டா’ என்ற அலுவலகத்தை வைத்தது; வடமொழி மூலமுள்ள பெயருக்குப் பின்னால் பாரசீக ஏற்பாடு. 1963இல் வந்த புதிய முலுகி ஐன் சாதிவாரித் தண்டனைகளைக் கைவிட்டது. மறு ஆண்டே குட்டிகளை மேற்பார்க்க ‘குட்டி சன்ஸ்தான்’ அமைந்தது. குட்டிகள் அனைத்தையும் ஓர் ஆணையத்தின் கீழ் கொண்டுவர முனைந்த மசோதாவை எதிர்த்து 2019 ஜூனில் காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் நேவார்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். அரசு மசோதாவைத் திரும்பப் பெற்றது. பூசையை நிறுத்தப்போவதாக அந்த மசோதா எங்கும் சொல்லவில்லை. தகராறு, நிலமும் கணக்கும் யார் கையில் இருப்பது என்பதில்தான்.